மாத்தூர் தொட்டிப் பாலத்தில் என் முதல் எக்ஸ்போஷர்

தக்கலைக்காரி:
எக்ஸ்போஷர் என்றால், பயப்படும் இடத்துக்கே படிப்படியாகக் கூட்டிப் போய்ப் பயத்தை எதிர்கொள்ள வைக்கும் சிகிச்சை. என்னிடம் வந்தவர் உயர பயம் உள்ள கிளையன்ட். திருவட்டார் பக்கம் வீடு, தொட்டிப் பாலத்தில் தன் குழந்தையைக் கைப்பிடித்து நடத்திக் கூட்டிப் போகணும், அதுதான் ஆசை. எது எவ்வளவு பயம் என்று நூற்றுக்கு எண் போட்டுப் பட்டியல் எல்லாம் சரியாகத்தான் போட்டோம். பாலத்தின் போட்டோ 20, நுழைவாயில் 40, நடுவில் நின்று கீழே பறளியாற்றைப் பார்ப்பது 95. 115 அடி உயரம், சும்மாவா. மூன்றாவது தூண் தாண்டியதும் என் தோள்பையின் வாரைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணும் ஆவாது மக்ளே, நான் நிக்கேன்லா" என்று எத்தனை தடவை சொன்னேனோ. நடுப்பாலம் வரை போனோம், கீழேயும் பார்த்தார், எனக்கு அவ்வளவு சந்தோஷம். திரும்பி வந்து பார்த்தால் வாரின் தையல் அவர் விரல்களில் வரிவரியாகப் பதிந்து கிடந்தது. அடுத்த வாரம் தனியாகப் போகச் சொன்னேன். நுழைவாயிலில் இருந்து போன்: "எக்கா, நீங்க இல்லியே, எப்பிடி நடப்பேன்?" அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

குழித்துறை:
கை கொடுத்தது தப்பே இல்லை. எண் பாதியாகக் குறையும் வரை நிற்க வைத்திருக்கணும், அவ்வளவுதான். நான் அதைச் செய்யாமல் ஒருவரை இழந்தேன். மார்த்தாண்டம் சந்தை, மீன் கடைப் பக்கம் நெரிசல், 80 என்றார். சட்டை முதுகோடு ஒட்டிப்போனதைப் பார்க்க எனக்கு மனசு தாங்காமல் "போதும், போலாம்" என்று நானே கூட்டி வந்துவிட்டேன். அப்புறம் அவர் வரவே இல்லை.

கடலோரம்:
குழித்துறை, எண் குறைந்தே ஆகணும் என்பதில்லை. 80இல் தொடங்கி 80இலேயே முடிந்தாலும், மயங்கி விழுவேன் என்று நம்பியவர் விழவில்லை என்பதைத் தானே பார்த்தாரா, அதுதான் கணக்கு. உளவியல் ஆய்வாளர் மிஷேல் கிராஸ்கும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் எழுதிய கட்டுரை இதைத்தான் அழுத்திச் சொல்கிறது. அதனால் கிளம்பும் முன்பே "என்ன ஆகும்னு நெனைக்கிறீங்க" என்று கேட்டு அவர் வார்த்தையிலேயே எழுதி வாங்குங்கள், முடிந்ததும் "நடந்துச்சா" என்று கேளுங்கள். தண்ணீர் பாட்டில், பாக்கெட்டில் இருக்கும் மாத்திரை, நம் கை, நம் "ஒண்ணும் ஆவாது", இதெல்லாம் ஒவ்வொன்றாக விலகணும். இல்லையென்றால் தன்னைக் காப்பாற்றியது அதுதான் என்று மனசு எழுதிக்கொள்ளும். ஒரே இடத்தோடும் நிறுத்தாதீர்கள். மாத்தூர் முடிந்தால் கன்னியாகுமரியில் 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலத்துக்குப் போகலாம், 77 மீட்டர் நீளம், காலடியில் கடல் தெரியும்.

என்னிடம் வந்தவர் குளச்சல் பக்கத்து அம்மா, 2004 சுனாமிக்குப் பிறகு மணலில் கால் வைக்காதவர். பல மாதம் பேசிப் பேசித்தான் போனோம். அலை பாதத்தை நனைத்தபோது அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை, கடலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

தக்கலைக்காரி:
என்னவர் ஒவ்வொரு அடிக்கும் என் முகத்தைத்தான் பார்த்தார், இப்போதுதான் உறைக்கிறது. வியாழக்கிழமை மறுபடி போகிறோம். நான் பையில்லாமல் நுழைவாயிலிலேயே நிற்கப் போகிறேன்.