மறு: அச்சுத் தரத்தில் ‘டிராஃப்ட்’ – ‘வரைவு’ வேண்டாமே

வணக்கம் நண்பர்களே,

அச்சிடும் பெட்டியில் தரத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் வரும் ‘டிராஃப்ட்’ (மையைக் குறைத்து அடிக்கும் தரம்) என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> ‘வரைவு’ மின்னஞ்சலில் ஏற்கெனவே பழகிய சொல். அதையே இங்கும் வைத்தால் என்ன?

பழகியதுதான் சிக்கல். மின்னஞ்சலில் வரைவு என்றால் இன்னும் எழுதி முடிக்காத மடல். அச்சிடும் பெட்டியில் அதே சொல்லைப் பார்ப்பவர், தாளின் குறுக்கே ‘வரைவு’ என்று முத்திரை விழுமோ என்று தயங்குவார். இங்கே உள்ளடக்கத்தில் ஓர் எழுத்துகூட மாறுவதில்லை. பிரிண்டர் அடிக்கும் விதம்தான் மாறுகிறது.

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை நினைத்துப் பாருங்கள். 9 ஊசித் தலை, டிராஃப்டில் ஒரு வரியை ஒரே ஓட்டத்தில் குத்திவிட்டுப் போய்விடும். தரத்தைக் கூட்டினால் அதே வரிமேல் இம்மி தள்ளி இன்னொரு முறை ஓடி, புள்ளிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை நிரப்பும். இன்க்ஜெட்டிலும் அடிப்படை அதுவேதான். உயர்தரத்தில் தலை ஒரே பட்டையின் மேல் பலமுறை போய்வரும், தாள் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். டிராஃப்டில் மையும் குறைவு, போய்வருவதும் குறைவு. அடித்த தாளை அருகில் வைத்துப் பார்த்தால் கறுப்பு எழுத்து சாம்பலாகத் தெரியும், படங்களில் குறுக்குக் கோடுகள் ஓடும். ஆனால் வேகம் எங்கேயோ போய்விடுகிறது: எப்சன் எல்3110 கறுப்பில், டிராஃப்ட் என்றால் நிமிடத்துக்கு 33 பக்கம் வரை, அச்சு வேகத்தை அளப்பதற்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 24734 முறையில் அளந்தால் 10.

> அப்படியானால் ‘விரைவச்சு’ என்றே சொல்லிவிடலாமே?

இன்க்ஜெட் மட்டும் இருந்தால் நானும் கைதூக்கியிருப்பேன். லேசரில் இது பொய்யாகிவிடும். அங்கே டிரம்மும் உருளைகளும் ஒரே சீரான வேகத்தில் சுற்றுகின்றன. தாளில் டோனர் (லேசருக்கான மைத்தூள்) நிறைய விழுந்தாலும் கொஞ்சமாக விழுந்தாலும் தாள் அதே வேகத்தில்தான் வெளியே வரும். டோனர் மிச்சமாகும், நேரம் பெரும்பாலும் மிச்சமாகாது. லேசரைத் தாமதப்படுத்துவது வேறு விஷயங்கள்: உறக்கத்திலிருந்து எழுந்து பியூசர் (டோனரை உருக்கித் தாளில் ஒட்டும் பகுதி) சூடாகும் நேரம், கனமான பிடிஎஃபைப் புள்ளிகளாக மாற்றும் வேலை, அப்புறம் தாள் வகை. யாரோ ஒருநாள் அட்டை அடிப்பதற்காக ‘தடித்த தாள்’ என்று வைத்துவிட்டு மாற்ற மறந்திருப்பார்கள். தடித்த தாளில் டோனர் உருகி ஒட்ட வேண்டுமே என்று பிரிண்டர் சாதாரணத் தாளையும் மெதுவாகவே இழுக்கும். அலுவலகத்தில் பிரிண்டர் மெதுவாக அடிக்கிறது என்று புகார் வந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். ‘விரைவச்சு’ என்று பெயர் வைத்தால், இப்படிப் புகார் சொல்பவர்கள் அதைத் தேர்ந்துவிட்டு, வேகம் வரவில்லையே என்று உட்கார்ந்திருப்பார்கள்.

> ‘ஒருவீச்சு அச்சு’ எப்படி?

எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. தலை ஒரு வீச்சில் கடந்து போவதைக் கண்ணெதிரே நிறுத்துகிறது. ஆனால் லேசரில் வீசுவதற்குத் தலையே இல்லை. நாம் மொழிபெயர்க்கும் சரமோ (திரையில் காட்டும் சொல்) எல்லாப் பிரிண்டர்களுக்கும் பொது. கணினியும் பிரிண்டரும் பேசிக்கொள்ளும் ஐபிபி நெறிமுறையில் தரம் மூன்றே மூன்று: 3 என்றால் டிராஃப்ட், 4 நார்மல், 5 ஹை. எந்த வகைப் பிரிண்டர் இணைந்திருந்தாலும் திரையில் வருவது அந்த ஒரே சொல்தான்.

‘மெல்லச்சு’ என்பதையும் ஒருவர் சொல்லியிருந்தார். ‘மெல்ல’ என்றால் மெதுவாக என்றும் பொருள் வருவதால் நேரெதிராகப் போய்விடும். அதை விட்டுவிடலாம்.

என் முன்மொழிவு ‘வெளிர் அச்சு’. தாளில் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிறது. இன்க்ஜெட், லேசர் இரண்டுக்கும் ஒத்துவருகிறது. தர முடியாத வேகத்தைத் தருவதாகச் சொல்வதில்லை. மை தீர்ந்துபோனது போல ஒலிக்கிறது என்பார்கள். ஜவுளிக்கடையில் ‘வெளிர் நீலம்’ கேட்கிறோம், சாயம் போனது என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லையே. வேகத்தைப் பற்றி உதவிக்குறிப்பில் சொல்லிவிடலாம்: “மை குறைவாகச் செலவாகும். இன்க்ஜெட்டில் விரைவாகவும் அச்சாகும்.”

மூன்றையும் சேர்த்து வெளிர், இயல்பு, நேர்த்தி என்று வைக்கலாம். கடைசிக்கு ‘அடர்’ வேண்டாம் என்பது என் கருத்து. லேசர் இயக்கிகளில் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) டோனர் அடர்த்திக்குத் தனி அமைப்பு இருக்கிறது, இரண்டும் குழம்பும். ‘நேர்த்தி’யைவிடப் பொருத்தமான சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். ‘வெளிர்’ எல்லோருக்கும் சரி என்றால் சரக்கோப்பில் சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்