அம்பாசடருக்கு சிந்தடிக் ஆயில் ஊற்றினேன், கீழே ஒழுகுகிறது. அவசரம்!

மார்க்4மகன்:
வணக்கம். அப்பாவின் அம்பாசடரை ரொம்ப நாள் கழித்து வெளியே எடுத்திருக்கிறோம். நல்ல ஆயிலாகவே போடுவோம் என்று ஃபுல் சிந்தடிக் (செயற்கை என்ஜின் ஆயில்) வாங்கி ஊற்றினேன். இப்போது நிறுத்துகிற இடமெல்லாம் எண்ணெய். வண்டி சூடானதும் ஐடிலிங்கில் (நின்றபடி என்ஜின் ஓடும்போது) ஆயில் லைட் வேறு மினுக்குகிறது. ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்கு வண்டி வேண்டும். பழைய ஆயிலுக்கே திரும்பலாமா? என்ஜினுக்கு ஏதாவது ஆகிவிடுமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

சேலத்துக்காரன்:
எந்த என்ஜின் சார்? 1489 பெட்ரோலா, டீசலா, இசுசு 1800ஆ? என்ன கிரேடு ஊற்றினீர்கள்? ஒழுகுவது முன்னாலா, பின்னாலா, பக்கவாட்டிலா? ஃபில்டர் மாற்றினீர்களா? அம்பாசடர் என்று மட்டும் சொன்னால் யார் என்ன சொல்ல முடியும்?

பழையவண்டி பாலு:
இதில் கேட்க என்ன இருக்கிறது. சிந்தடிக் என்றாலே இதுதான். அதன் மூலக்கூறு சின்னது, சீல் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) இடுக்கு எல்லாவற்றிலும் புகுந்து வெளியே வந்துவிடும். சீலையும் சுருக்கிவிடும். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் பழைய வண்டிக்கு அதைத் தொடவே மாட்டோம். உடனே இறக்குங்கள்.

கேஸ்கெட் கண்ணன்:
டிரெயின் பிளக்கின் செம்பு வாஷரை மாற்றினீர்களா? பாதிக் கேஸ் அதுதான். டிப்ஸ்டிக்கில் அளவையும் பாருங்கள், மேல் கோட்டைத் தாண்டி ஊற்றியிருந்தாலும் ஒழுகும்.

டார்க் ஐயா:
இதே கேள்விக்கு எத்தனை முறை எழுதுவது? தேடிப் பார்க்கும் பழக்கம் இங்கே ஒருவருக்கும் இல்லை. சரி, கடைசியாக ஒருமுறை. உங்களுடையது 1489 பெட்ரோல் என்றால் அது பிஎம்சி பி சீரிஸ் என்ஜின், மூன்று மெயின் பேரிங். அதில் கிராங்கின் (பிஸ்டன்கள் சுற்றுகிற தண்டு) பின்பக்கம் ரப்பர் சீல் என்று ஒன்று கிடையவே கிடையாது. கிராங்கிலேயே மரை மாதிரி ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். கிராங்க் சுற்றும்போது அந்த மரை எண்ணெயைத் திரும்ப சம்புக்கே (என்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) தள்ளும். வண்டி நின்றால் தள்ள ஆளில்லை, சொட்டும். ஆகவே சீல் சுருங்கிவிட்டது என்கிறவர் முதலில் அந்தச் சீலை எடுத்துக் காட்டட்டும்.

பழையவண்டி பாலு:
முன்பக்கம் டைமிங் கவரில் இருப்பது என்னவாம்? புத்தகம் படித்துப் பேசுவது வேறு, கையில் கிரீஸ் ஒட்டுவது வேறு ஐயா.

மார்க்4மகன்:
1489 பெட்ரோல், 84 மாடல். டின்னைக் கடையிலேயே போட்டுவிட்டேன், 5 ஏதோ 30 என்று ஞாபகம். பின்னால்தான் சொட்டுகிறது, பக்கத்திலும் ஈரமாக இருக்கிறது.

பொன்னி:
5டபிள்யூ30ஆ! அங்கேதான் சங்கதி. சிந்தடிக்கா மினரலா (கச்சா எண்ணெயைச் சுத்திகரித்த சாதாரண ஆயில்) என்பது இரண்டாவது கேள்வி, முதல் கேள்வி கெட்டித்தன்மை. கிரேடின் கடைசி எண்தான் சூட்டில் கெட்டித்தன்மை: 100 டிகிரியில் எஸ்ஏஇ 30 ஆயில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையின் அலகு) வரை இருக்கும். எஸ்ஏஇ 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை. பேரிங் தேய்ந்த பழைய என்ஜினில் இடைவெளி அதிகம். அதில் இவ்வளவு தண்ணியான ஆயில் போனால் ஐடிலிங்கில் பிரஷர் நிற்காது, லைட் மினுக்கத்தான் செய்யும். ஐயா சொன்ன மரையும் இதைத் திருப்பித் தள்ளத் திணறும்.

பாலு அண்ணே, சீல் சுருங்குகிற கதை முழுப் பொய் இல்லை. 1970களில் வந்த சிந்தடிக் ஆயில்களில் பிஏஓ என்ற அடிப்படை எண்ணெய் அந்தக் கால ரப்பரை உப்ப வைக்காமல் சுருக்கியது. அப்புறம் எஸ்டர் கலந்து அதைச் சரிசெய்துவிட்டார்கள். மூலக்கூறு சின்னது என்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ஒரே கிரேடு என்றால் சிந்தடிக்கும் மினரலும் சூட்டில் ஏறக்குறைய ஒரே கெட்டிதான்.

இன்னொன்று. இந்த என்ஜினில் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) தட்டையான டேப்பட்டின் (கேம் தள்ளும் உலோகத் துண்டு) மேல் உரசிக்கொண்டு ஓடுகிறது. அங்கே காப்பாற்றுவது இசட்டிடிபி என்கிற துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மானம். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்தமாக்கும் கருவி) கெடுகிறது என்பதால் 2004இல் வந்த ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலிய அமைப்பு) எஸ்எம் தரத்திலிருந்து பாஸ்பரஸை 0.08 சதவீதத்துக்குள் அடக்கிவிட்டார்கள். அந்தக் கட்டுப்பாடு 5டபிள்யூ30, 10டபிள்யூ30 போன்ற மெல்லிய கிரேடுகளுக்குத்தான். 40, 50 கிரேடுக்கு இல்லை. உங்கள் வண்டியில் கன்வெர்ட்டரே கிடையாது, அதற்காகக் குறைத்த ஆயிலை எதற்கு ஊற்ற வேண்டும்? 20டபிள்யூ50 போடுங்கள். மினரலே போதும். சிந்தடிக்தான் வேண்டும் என்றால் அதே கிரேடில் வாங்கலாம், மிச்சம் மீதி இருப்பதோடு கலந்தாலும் ஒன்றும் ஆகாது.

டிராக்டர் தம்பி:
துத்தநாகம்தானே வேண்டும்? சிஐ-4 தரத்து டீசல் என்ஜின் ஆயில் 15டபிள்யூ40 ஊற்றினால் தீர்ந்தது. எந்த ஊரிலும் கிடைக்கும். எங்கள் வீட்டில் டிராக்டருக்கும் அம்பாசடருக்கும் ஒரே டின்தான்.

கேஸ்கெட் கண்ணன்:
பெட்ரோல் வண்டிக்கு டீசல் ஆயிலா? அதில் டிடர்ஜென்ட் அதிகம். இத்தனை வருடம் படிந்த கசடெல்லாம் கழன்று சம்ப் சல்லடையில் போய் உட்காரும். ஸ்பார்க் பிளக்கிலும் சாம்பல் படியும்.

டிராக்டர் தம்பி:
டின்னின் பின்பக்கம் படித்திருக்கிறீர்களா? நிறைய டின்னில் சிஐ-4 பக்கத்திலேயே எஸ்எல் என்றும் போட்டிருக்கும். எஸ் என்றால் பெட்ரோல் என்ஜினுக்கான தரம். கம்பெனியே இரண்டுக்கும் என்கிறது, நீங்கள் கூடாது என்கிறீர்கள்.

பழையவண்டி பாலு:
கசடு இருந்தால் ஒரு லிட்டர் டீசல் ஊற்றிப் பத்து நிமிடம் ஐடிலிங்கில் ஓடவிட்டு இறக்கினால் பளபளவென்று ஆகிவிடும். காலங்காலமாகச் செய்கிறோம்.

பொன்னி:
தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். டீசல் கலந்த ஆயிலால் பேரிங்கில் படலம் நிற்காது. இறக்கிய பிறகும் கொஞ்சம் உள்ளே தங்கி, புது ஆயிலையும் தண்ணியாக்கும். கழன்ற கசடு சல்லடையை அடைத்தால் அந்தக் கல்யாணத்துக்கு ஆட்டோதான். சுத்தம் செய்ய வேண்டும் என்றால் ஆயிலும் ஃபில்டரும் ஒருமுறை சீக்கிரமே, ஆயிரம் கிலோமீட்டரில், மாற்றுங்கள். அது போதும்.

ஃபியட் பிரியன்:
இதற்குத்தான் பத்மினி (ஃபியட் கார்) வாங்கச் சொல்வது :)

சேலத்துக்காரன்:
பத்மினியின் 1089 சிசியும் புஷ்ராடுதான் (கேம் கீழே இருக்கும் வகை), தட்டை டேப்பட்தான். உங்கள் வீட்டுத் தரையில் விரித்திருக்கும் அட்டையை எடுத்துவிட்டுப் பேசுங்கள்.

ஃபியட் பிரியன்:
அட்டை மழைக்கு விரித்தது! பம்பாய் டாக்சி ஓட்டியவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

டிராக்டர் தம்பி:
கல்கத்தாவில் அம்பாசடர் டாக்சி ஓட்டியவர்களையும் கேளுங்கள்.

டார்க் ஐயா:
சண்டை முடிந்ததா? ஒருவர்கூட பிரீதரை (என்ஜினுக்குள் சேரும் புகையை வெளியேற்றும் வழி) கேட்கவில்லை பாருங்கள். ரொம்ப நாள் நின்ற வண்டி என்று முதல் வரியிலேயே சொல்லியிருக்கிறார். ராக்கர் கவரிலிருந்து ஏர் கிளீனருக்குப் போகும் குழாய், பக்கவாட்டில் டேப்பட் சைடு கவரிலிருந்து இறங்கும் குழாய் இரண்டையும் கழற்றி ஊதிப் பார்க்க வேண்டும். குளவி கூடு கட்டியிருக்கும், இல்லையென்றால் கசடு அடைத்திருக்கும். பிஸ்டன் ரிங்கைத் தாண்டி வரும் புகைக்கு வெளியேற வழி இல்லாவிட்டால் கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறும், பின்பக்க மரை தோற்றுப்போகும். எந்த ஆயில் ஊற்றினாலும் ஒழுகும். பக்கத்தில் ஈரம் என்றால் சைடு கவரின் கார்க் கேஸ்கெட் காய்ந்திருக்கிறது. போல்ட்டைப் பலம் கொண்ட மட்டும் முறுக்காதீர்கள், கவர் வளைந்துவிடும்.

லைட்டை நம்பாதீர்கள். ஒரு ஆயில் பிரஷர் கேஜ் மாட்டிப் பாருங்கள். சூட்டில், ஓட்டத்தில் 50 பிஎஸ்ஐ பக்கம் இருக்க வேண்டும், ஐடிலிங்கில் 15 இருந்தால் கவலையில்லை. அதற்கும் கீழே என்றால் ஆயிலைக் குறை சொல்லாமல் பேரிங்கைப் பாருங்கள்.

பொன்னி:
ஐயா சொல்வது சரி. முதலில் பிரீதர். ஆனால் கிரேடும் தப்புதான், அதில் மாற்றமில்லை.

கேஸ்கெட் கண்ணன்:
மார்க்4மகன், இருக்கிறீர்களா? வாஷர் பார்த்தீர்களா?

சேலத்துக்காரன்:
ஆளைக் காணோம். லைட் மினுக்கும்போது வண்டியை ஓட்டிக்கொண்டிருக்காதீர்கள் சார், அதையாவது கேளுங்கள்.

மார்க்4மகன்:
எல்லோருக்கும் நன்றி. மெக்கானிக் வந்தார். சைடு பிரீதர் குழாய் முழுக்க அடைப்பு. சைடு கவர் கார்க் மாற்றினார், 20டபிள்யூ50 மினரல் ஊற்றினார், புது ஃபில்டர். கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தாயிற்று. லைட் மினுக்கவில்லை. ஒழுகல் ரொம்பக் குறைவு.

பழையவண்டி பாலு:
நான்தான் முதலிலேயே சொன்னேனே, சிந்தடிக்தான் காரணம்.

சேலத்துக்காரன்:
எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எதனால் நின்றது என்று யாருக்குத் தெரியும்? கேஜ் மாட்டினாரா? எவ்வளவு காட்டியது?

வெள்ளை1800:
என்னிடம் இசுசு என்ஜின் அம்பாசடர் இருக்கிறது. அதற்கும் இந்த 20டபிள்யூ50தானா?

டார்க் ஐயா:
அது ஓவர்ஹெட் கேம் (கேம் மேலே இருக்கும்) என்ஜின், கதையே வேறு. தனி இழை போடுங்கள். போடும் முன் தயவுசெய்து தேடுங்கள்.