வைக்கோலுக்குள் போன நெல்

மெசின் வெட்டில் நெல் வீணாகிறது என்று எல்லாரும் சொல்கிறோம். குனிந்து எண்ணிப் பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். முதலில் என் கதை.

மட்டக்களப்பில் படுவான்கரை, வெல்லாவெளிப் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர். மாரிப்போகத்துக்கு ஏ.டி. 362 விதைத்திருந்தோம், மூன்றரை மாத நெல். வெட்டு மெசின் இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று பத்து நாள் போய்விட்டது. கதிர் முறுகக் காய்ந்து, தொட்டாலே உதிர்ந்தது. கடைசியில் மெசினோடு வந்த தம்பி ஏக்கர் கணக்கில் கூலி பேசினான். சீக்கிரம் முடித்தால் அடுத்த வட்டைக்குப் போகலாம் அல்லவா, பறந்தான்.

நான் வரம்பில் நின்று மூடை எண்ணிக்கொண்டிருந்தேன். அம்மாதான் மெசினுக்குப் பின்னால் நடந்து, வைக்கோலில் ஒரு கை அள்ளி உதறி, “இஞ்ச பாரு மனே” என்று உள்ளங்கையை நீட்டினார். தம்பியோ, “அது சப்பி அண்ணன்” என்றான். சரி, பார்த்துவிடுவோம் என்று தண்ணீர் வாளிக்குள் போட்டேன். மணி பிடிக்காத சப்பி மிதக்கும், மணி பிடித்தது தாழும். பாதிக்கு மேல் வாளியின் அடியில் கிடந்தது. அதற்குப் பிறகு அவன் வாதாடவில்லை. வேகத்தைக் குறைத்தான், உள்ளே அடிக்கும் காற்றையும் குறைத்தான். ஆனால் அதற்குள் இரண்டு ஏக்கர் முடிந்திருந்தது.

மனம் கேட்காமல் மறுநாள் நாலு கம்பை ஒரு மீற்றர் சதுரமாகக் கட்டிக்கொண்டு போனேன். வைக்கோல் விழுந்த வரிசையில் மட்டும் எண்ணினால் கணக்குக் கூடிவிடும். அதனால் மெசின் வெட்டிய அகலம் முழுக்கச் சட்டத்தை மாற்றி மாற்றிப் போட்டேன். மெசின் இறங்காத மூலையிலும் எண்ணி, தானாக உதிர்ந்ததைக் கழித்தேன். முதல் இரண்டு ஏக்கரில் சதுர மீற்றருக்குச் சராசரி 600 மணி. ஆயிரம் மணி ஏறக்குறைய 25 கிராம், ஒரு ஏக்கர் 4047 சதுர மீற்றர். பெருக்கினால் 60 கிலோ, ஏக்கருக்கு ஒரு மூடைக்குக் கிட்ட! மெதுவாக ஓட்டிய பக்கத்தில் 250 மணிதான் கிடந்தது.

கத்தியால் வெட்டிய காலத்திலும் சிந்தியது. ஆனால் அப்போது கதிராக விழும், பொறுக்க வரும் பெண்களுக்கு அது ஒரு நேரச் சோறு. இப்போது மணி மணியாக விழுகிறது, புறாவுக்குத்தான் ஆகும் என்கிறார் அம்மா.

*

சம்மாந்துறையிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்குக் கதிர் காய்ந்தது இல்லை, ஈரம்தான் பிரச்சினை. தை மழையில் வேளாண்மை ஒரே பக்கமாகப் படுத்துவிட்டது. மெசின்கார காக்கா காலை ஏழு மணிக்கே இறங்கிவிட்டார். வாப்பா “வெயில் ஏறட்டும்” என்று சொல்லியும் கேட்கவில்லை. பனி காயாத வைக்கோலோடு நெல்லும் ஒட்டிக்கொண்டு வெளியே போனது. சாய்ந்த திசையோடு ஓட்டியபோது கத்தி கதிருக்கு மேலாலேயே போய்விட்டது. எதிர்த்திசையில்தான் தூக்கியது. அப்புறம் ஒரு பக்கம் வெட்டி, மறுபக்கம் சும்மா திரும்பச் சொன்னோம். எண்ணெய்க்கு மேலதிகமாகக் காசு கேட்டார், கொடுத்தோம். இப்போது நாங்கள் மணித்தியாலக் கணக்கில்தான் பேசுகிறோம். அதிலும் ஆள் ஊர்ந்துகொண்டே நேரத்தைக் கூட்டுவான், பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கிறது.

*

செங்கலடிப் பக்கம். விழுந்த நெல் அடுத்த போகத்தில் திரும்பி வரும், அதை யாரும் சொல்லவில்லையே. சிவப்பு நெல் வெட்டிய வயலில் அடுத்தமுறை கீரிச்சம்பா விதைத்தேன். இடையிடையே சிவப்பும் முளைத்தது. ஆலைக்காரர் ஒரு பிடியை உமி நீக்கிப் பார்த்துவிட்டு விலையைக் குறைத்தார். அதைவிட மோசம் களை நெல். அது நம் வயலில் இல்லாவிட்டாலும் மெசினுக்குள் தங்கி வேறு வயலிலிருந்து வந்து இறங்கும். அதனால் வரம்பைத் தாண்ட விடுவதற்கு முன் மூடிகளைத் திறந்து தட்டச் சொல்கிறேன். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. போனமுறை தட்டியபோது அரை மரைக்கால் கொட்டியது. யார் வீட்டு நெல்லோ.