கபடி ஆடும் மகனுக்கு மூக்கு அறுவை இப்போதே செய்யலாமா?

பாம்பன் அப்பா:
மகனுக்கு 15 வயது. மண்டபம் பக்கம் கபடி ஆடும்போது எதிரணிப் பையனின் முழங்கால் பட்டு மூக்கெலும்பு முறிந்து நாலு மாதம் ஆகிறது. மூச்சு நன்றாகத்தான் விடுகிறான், ஆனால் மூக்கு கோணியிருப்பதால் போட்டோ என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறான், மனசு கேட்கவில்லை. பிளாஸ்டிக் சர்ஜரி செய்துவிடலாமா? கபடியையும் விடமாட்டேன் என்கிறான்.

தொண்டிக்காரன்:
அவசரம் வேண்டாம் அண்ணே. ஆண்பிள்ளைகளுக்கு மூக்கு 16, 17 வயது வரை வளரும். வடிவத்துக்காக மட்டும் இப்போது கத்தி வைத்தால், வளரும்போது மறுபடி கோணலாம். மூச்சடைப்பு இருந்தால் அது வேறு கதை. அடிபட்ட ஒன்றிரண்டு வாரத்துக்குள் போயிருந்தால் பெரிய அறுவை இல்லாமலே நிமிர்த்தியிருப்பார்கள். மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கிறது, ஒருமுறை காட்டிவிட்டு வாருங்கள்.

கீழக்கரை அக்கா:
அறுவை முடிந்தால் ஆறு வாரமாவது மோதும் ஆட்டம் எதுவும் கூடாது, கபடிக்கு டாக்டர் இன்னும் சில மாதம் கேட்பார். அதற்குள் ஒரு முழங்கால் பட்டால் செய்ததெல்லாம் வீண். எனக்குத் தோன்றுவது, பள்ளி ஆட்டங்கள் முடிந்தபின் செய்யுங்கள். இன்னொன்று, எந்தப் பிள்ளைக்கு மூக்கில் அடிபட்டாலும் உள்ளே இரு துளைக்கும் நடுவிலுள்ள சுவர் வீங்கி மூச்சு அடைத்தால் அன்றைக்கே காட்டவேண்டும், அங்கே கட்டும் ரத்தம் குருத்தெலும்பை அழித்து மூக்கையே உள்வாங்க வைத்துவிடும்.

பாம்பன் அப்பா:
சரி அக்கா, அடுத்த வாரம் மதுரைக்குக் கூட்டிப்போகிறேன். அவனிடமும் உட்கார்ந்து பேசுகிறேன்.