மோகோக் பச்சைப் பொட்டலம்: பெரிடாட் எது, மற்றது எது?

ரங்கூன்_கல்:

வணக்கம். ரங்கூன் போஜோ மார்க்கெட் பக்கம், பர்மாவின் ரத்தினச் சுரங்க ஊரான மோகோக்கின் பச்சை என்று பொட்டலம் கட்டி வருவதெல்லாம் பெரிடாட் (ஆலிவின் என்ற கனிமத்தின் பச்சை ரத்தினக்கல்) என்ற பேரிலேயே கைமாறுகிறது. என்னிடம் உள்ள பொட்டலத்தில் இருப்பவை பட்டை தீட்டிய கற்கள், ஒவ்வொன்றும் 1.5 முதல் 2.5 காரட் வரை. மஞ்சள் வெளிச்சத்தில் ரிஃப்ராக்டோமீட்டரில் (ஒளிவிலகல் எண் காட்டும் கருவியில்) வைத்தால் நாலு தினுசாக எண் விழுகிறது:

எண்ணெய்ப் பச்சை: 1.654 – 1.690
கொஞ்சம் கருத்த பச்சை: 1.675 – 1.702
பழுப்பு ஓடிய பச்சை: 1.660 – 1.670
தேன் பழுப்பு: 1.668 – 1.706

தண்ணீரில் நிறுத்து ஒப்படர்த்தி (அதே பருமன் தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்ற எண்) எடுத்தால் எல்லாம் 3.25க்கும் 3.5க்கும் நடுவில் கலந்து கிடக்கிறது. ஒரே கல் காலையில் 3.28 காட்டுகிறது, சாயந்திரம் 3.37. சிலிக்கேட் வகைப்பாடு படித்திருக்கிறேன்: தனி நான்முகி, வளையம், சங்கிலி, தாள், சட்டகம். ஆனால் கையில் உள்ள கல்லுக்கு அதை எப்படிப் பொருத்துவது என்று பிடிபடவில்லை. கீறிப் பாருங்கள் என்கிறார்கள் சிலர். தீட்டிய கல்லைக் கீற மனசு வரவில்லை. என்ன வரிசையில் சோதிப்பது?

மாண்டலே_சாணை:

தம்பி, கீறவே கீறாதீங்க. நீங்க சந்தேகப்படுற கல் எல்லாமே மோஸ் கடின அளவில் 5.5க்கும் 7க்கும் நடுவில்தான். கீறினால் கல் கெடும், பதில் கிடைக்காது.

உங்க எண்களே முக்கால்வாசி வேலையை முடிச்சிருச்சு. கீழ் எண், மேல் எண் ரெண்டையும் தனித்தனியா பார்க்காம நடுவில் உள்ள வித்தியாசத்தைப் பாருங்க, அதுதான் இரட்டை ஒளிவிலகல். முதல் தினுசு 0.036. அது பெரிடாட், சந்தேகமில்லை. ரெண்டாவது 0.027. அது டயோப்சைடு. மூணாவது வெறும் 0.010. அது என்ஸ்டடைட்டா இருக்கணும். நாலாவது 0.038 வருது, ஆனா ரெண்டு எண்ணுமே பெரிடாட்டுக்கு மேலே நிக்குது. அது சின்ஹலைட். கீழே அக்கா யாராவது அதைப் பத்தி விவரமா எழுதுவாங்க, அது தனிக்கதை.

இந்த வித்தியாசத்தை லென்ஸிலேயே பார்க்கலாம். பத்து மடங்கு லென்ஸை எடுத்து மேல் பட்டை வழியா உள்ளே, எதிர்ப்பக்கத்துப் பட்டைகள் சேருற கோட்டைப் பாருங்க. பெரிடாட்டில் அந்தக் கோடு ரெட்டையா பிரிஞ்சு தெரியும், தண்டவாளம் மாதிரி. டயோப்சைடிலும் பிரியும், இடைவெளி குறைவு. என்ஸ்டடைட்டில் ரெண்டு காரட் கல்லுக்குக் கிட்டத்தட்ட ஒற்றைக் கோடுதான். ஒரே திசையில் பார்த்துட்டு முடிவு கட்டாதீங்க. ஒவ்வொரு கல்லிலும் கோடு பிரியாத திசைகள் உண்டு. மூணு நாலு பக்கமா சாய்ச்சுப் பாருங்க. கல் சின்னதானா பிரிவும் சின்னதாகும். கால் காரட் கல்லில் இந்தச் சோதனையை நம்பக்கூடாது.

ரிஃப்ராக்டோமீட்டரில் கவனிக்க வேண்டியது: கல்லுக்கும் கருவியின் கண்ணாடிக்கும் நடுவில் விடுற திரவம் குண்டூசித் தலை அளவு போதும். அதிகமா விட்டா கல் மிதந்து நிழல் கோடு (எண்ணைப் படிக்கிற விளிம்பு) மங்கும். கல்லை ஒரே நிலையில் வெச்சுப் படிக்காம, கொஞ்சம் கொஞ்சமா அரை வட்டம் திருப்புங்க. ஒவ்வொரு நிலையிலும் கண் வெச்சுப் பார்க்கிற கண்ணாடி மேல் போலராய்டு ஃபில்டரைச் சுத்தி ரெண்டு நிழலையும் குறிச்சுக்கோங்க. கடைசியில் கிடைச்சதிலேயே சின்ன எண்ணையும் பெரிய எண்ணையும் எடுத்துக் கழிக்கணும். ஒரே நிலையில் படிச்சா பெரிடாட்டே 0.020 காட்டி டயோப்சைடு மாதிரி ஏமாத்தும். பொட்டலத்தில் தப்புப் பேர் விழுறதுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கல்லை இடுக்கியால் எடுக்காதீங்க, விரலால் உலோகத் தட்டுக்கு நகர்த்தி எடுங்க. கருவியின் கண்ணாடி ஈயம் கலந்தது, மெத்து. ஒரு கீறல் விழுந்தா அந்த இடத்தில் நிழல் உடையும். திரவத்தை உடனே துடைங்க. விட்டா கந்தகம் படிகமா உறைஞ்சு கண்ணாடியில் ஒட்டும். அது விஷமும்கூட, வேலை முடிஞ்சதும் கையைக் கழுவுங்க. கரண்ட் போனா டார்ச் முன்னாடி மஞ்சள் ஃபில்டர் வெச்சாலும் வேலை ஆகும். வெள்ளை வெளிச்சத்தில் படிக்கவே படிக்காதீங்க. நிழல் விளிம்பு வானவில்லா விரிஞ்சு மூணாவது தசமம் போயிரும்.

மௌல்மீன்_மண்ணியல்:

மேலே உள்ள பதில் சரியானது. ஒப்படர்த்தி ஏன் குழம்புகிறது என்பதை முதலில் சொல்கிறேன்.

உங்கள் தராசு 0.01 காரட் வரை காட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு கல் காற்றில் 2.46, தண்ணீரில் 1.72. வித்தியாசம் 0.74. 2.46ஐ 0.74ஆல் வகுத்தால் 3.32. இரண்டு நிறுவையிலும் 0.01 பிசகினால் வித்தியாசம் 0.72 ஆகவோ 0.76 ஆகவோ மாறும், விடை 3.42 ஆகவோ 3.24 ஆகவோ போகும். பெரிடாட்டின் 3.34, டயோப்சைடின் 3.29, என்ஸ்டடைட்டின் 3.25 எல்லாம் அந்த இடைவெளிக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. உங்கள் கையில் பிழை இல்லை, கல் சின்னது. அவ்வளவுதான்.

வழி இருக்கிறது. முதலில் ஒளிவிலகல் எண்ணால் குவியல் குவியலாகப் பிரியுங்கள். பிறகு ஒரே குவியலில் உள்ள கற்களை மொத்தமாகச் சேர்த்து நிறுங்கள். மொத்தம் 12 காரட் என்றால் வித்தியாசம் 3.60 அளவில் வரும், அதில் 0.02 பிசகினாலும் விடை 3.31க்கும் 3.35க்கும் இடையில் நிற்கும். இந்த அளவு போதும். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிப் பயன்படுத்துங்கள், கரைந்த காற்று போய்விடும். பாத்திரம் கழுவும் சோப்பில் ஒரு துளி விட்டால் மேற்பரப்பு இழுவிசை குறையும். கல்லின் இடுப்பில் (நடு விளிம்பில்) ஒட்டும் குமிழிகளை நனைத்த மயிர்த்தூரிகையால் தட்டிவிடுங்கள். ஒரு குமிழி ஒட்டினாலும் தண்ணீர் எடை குறைந்து ஒப்படர்த்தி குறைவாகவே காட்டும். காலைக்கும் சாயந்திரத்துக்கும் இருந்த வித்தியாசத்தில் குமிழிக்கும் பங்கு இருக்கும். 30 டிகிரி வெப்பத்தில் தண்ணீரின் அடர்த்தி 0.996, அதனால் பெருக்கினால் 3.32 என்பது 3.31 ஆகும். பெரிய மாற்றமில்லை.

இனி அமைப்பு. சிலிக்கேட்டில் அடிப்படை அலகு ஒரு சிலிக்கானைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் கொண்ட நான்முகி. அவை எத்தனை ஆக்சிஜனைப் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெரிடாட்டில், அதாவது ஆலிவினில், எதையும் பங்கிடுவதில்லை. சிலிக்கானுக்கு ஆக்சிஜன் ஒன்றுக்கு நான்கு. டயோப்சைடு, என்ஸ்டடைட், ஜேடைட் மூன்றும் பைராக்ஸின்கள், ஒற்றைச் சங்கிலி, ஒன்றுக்கு மூன்று. குவார்ட்ஸில் எல்லா மூலையும் பங்கு, ஒன்றுக்கு இரண்டு. பங்கீடு கூடக் கூட உள்ளே வெற்றிடம் கூடுகிறது. குவார்ட்ஸ் 2.65இல் நிற்பதும் ஆலிவின் 3.3ஐத் தாண்டுவதும் அதனால்தான். ஒளிவிலகல் எண்ணும் பொதுவாக அடர்த்தியோடு சேர்ந்தே ஏறுகிறது.

கையில் உள்ள கல்லுக்கு இது உதவும் இடம் பிளவு. ஒற்றைச் சங்கிலிக் கனிமத்தில் சங்கிலிகளுக்கு நடுவே இரண்டு திசைகளில் பிளவு ஓடும், 87 டிகிரியும் 93 டிகிரியுமாக. ஆலிவினில் நடைமுறையில் பிளவு கிடையாது, சிப்பி வடிவில் உடையும். தீட்டிய கல்லைக் கீற வேண்டியதில்லை: இடுப்பில் ஏற்கெனவே இருக்கும் சின்னச் சில்லுகளைச் சாய்ந்த வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். டயோப்சைடு, என்ஸ்டடைட்டில் சில்லு படிக்கட்டாக இருக்கும், கல்லைத் திருப்பும்போது எல்லாப் படியும் ஒரே நொடியில் மின்னும். பெரிடாட்டில் சில்லின் உள்பக்கம் வளைந்து, மெல்லிய அலைக்கோடுகளோடு இருக்கும்.

ஆனால் அமைப்பை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் இரண்டு இடத்தில் வழுக்கும். ஒன்று புஷ்பராகம் என்று பலர் சொல்லும் டோபாஸ். அதுவும் தனி நான்முகிதான், ஆனால் நான்முகியை உடைக்காமல் அலுமினியப் பிணைப்புகளை மட்டும் அறுத்துச் செல்லும் ஒரு தளம் இருப்பதால் அடித்தளப் பிளவு கச்சிதமாக விழும். இன்னொன்று உங்கள் தேன் பழுப்புக் கல். சின்ஹலைட் சிலிக்கேட்டே அல்ல, போரேட். மெக்னீசியமும் அலுமினியமும் போரானும் சேர்ந்து ஆலிவினின் அதே அடுக்கில் அமர்ந்திருக்கின்றன. இரட்டை ஒளிவிலகல் ஒத்துப்போவது அதனால்தான். 1952 வரை உலகம் முழுக்க அதைப் பழுப்புப் பெரிடாட் என்றே விற்றார்கள். பிரிப்பது இப்படி: கல்லைத் திருப்பும்போது நகரும் நடு எண்ணைக் கவனியுங்கள். பெரிடாட்டில் அது 1.671 அருகே, இரண்டு எல்லைக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கும். சின்ஹலைட்டில் 1.698 அருகே, மேல் எல்லையை ஒட்டி. குவியல் ஒப்படர்த்தி 3.48 வர வேண்டும். கைநிறமாலைமானி இருந்தால் இரண்டிலும் நீலப்பகுதியில் 493, 475, 452 நானோமீட்டர் ஒட்டிக் கருங்கோடுகள் தெரியும், சின்ஹலைட்டில் மட்டும் கூடுதலாக 463இல் ஒன்று.

மூன்றாவது தினுசை என்ஸ்டடைட் என்று எழுதுவதற்கு முன் கோர்னெருபைனை விலக்கிவிடுங்கள். மோகோக்கில் அதுவும் பச்சையாக வருகிறது, 1.667 – 1.680, வித்தியாசம் 0.013, ஒப்படர்த்தி 3.30. எண்கள் நெருக்கம். டைக்ரோஸ்கோப்பில் (ஒரே கல்லின் வெவ்வேறு நிறங்களைப் பக்கம் பக்கமாகக் காட்டும் சிறு கருவியில்) கோர்னெருபைன் பச்சையும் செம்பழுப்பும் எனத் தெளிவாக இரண்டு நிறம் காட்டும், என்ஸ்டடைட்டில் மாற்றம் மெலிது. என்ஸ்டடைட்டுக்கு நிறமாலையில் 506இல் ஊசி போல ஒரு கோடு உண்டு. அது கூர்மையாகத் தெரிந்தால் நல்ல சாட்சி.

ரங்கூன்_கல்:

நன்றி அண்ணே, நன்றி அக்கா. திருப்பித் திருப்பிப் படித்ததில் ரெண்டாவது தினுசில் ஒரு கல் பெரிடாட் பக்கம் போய்விட்டது. தேன் பழுப்பில் நடு எண் 1.697 வந்தது. அதே பொட்டலத்தில் நிறமில்லாத கற்களும் உண்டு. அவற்றில் 1.63 அருகே நிற்பதை டோபாஸ் என்று போடலாமா?

மௌல்மீன்_மண்ணியல்:

போடாதீர்கள். நிறமில்லாத டோபாஸ் பொதுவாக 1.609 – 1.617. 1.630 – 1.636 என்றால் டான்புரைட் என்று சந்தேகப்படுங்கள், மோகோக் அதற்குப் பேர்போன இடம். டோபாஸிலும் ஹைட்ராக்சில் கூடிய வகை 1.63 வரை ஏறும், ஆகவே ஒளிவிலகலோடு நிறுத்தக்கூடாது. இங்கே ஒப்படர்த்தி தனியாகவே வேலை செய்யும்: டான்புரைட் 3.00, டோபாஸ் 3.5 அல்லது அதற்கு மேல். இரண்டு காரட் கல்லின் பிழைகூட இந்த இடைவெளியை மறைக்காது.

1.54 – 1.57 பகுதியில் நிற்பவை குவார்ட்ஸா ஸ்கேபோலைட்டா என்பதற்கு, திருப்பும்போது எந்த நிழல் அசைகிறது என்று பாருங்கள். கீழ் எண் நிலையாக நின்று மேல் எண் நகர்ந்தால் குவார்ட்ஸ். மேல் எண் நின்று கீழ் எண் நகர்ந்தால் ஸ்கேபோலைட். 1.52 – 1.53 என்றால் சந்திரகாந்தக்கல் சார்ந்த ஃபெல்ட்ஸ்பார். அதுவும் குவார்ட்ஸ் போலச் சட்டகம்தான், ஆனால் கிட்டத்தட்ட 90 டிகிரியில் இரண்டு பிளவு உண்டு. தீட்டாத கல்லில் அந்தத் தட்டை மினுக்கம் கண்ணுக்கே தெரியும்.

பாக்கன்_பச்சை:

பைராக்ஸின் பேச்சு வந்ததால் ஜேடுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மாண்டலே ஜேட் சந்தையில் இதே சிக்கல்தான், ஜேட் என்ற ஒரே பேரில் இரண்டு கல் உண்டு. ஜேடைட் ஒற்றைச் சங்கிலி, நெஃப்ரைட் ஆம்பிபோல், அதாவது இரட்டைச் சங்கிலி, பிளவு 56க்கும் 124க்கும். இரண்டுமே நுண்மணிகள் பின்னிய கட்டி என்பதால் அந்தக் கோணத்தை அளக்க முடியாது. ஆனால் கரடுமுரடான ஜேடைட்டின் வெட்டுமுகத்தை வெயிலில் அசைத்தால் மணிகளின் பிளவுத்தளங்கள் சிறு சிறு வில்லைகளாகப் பளிச்சிடும். நெஃப்ரைட்டில் இழைகள் பின்னியிருப்பதால் அந்தப் பளிச்சிடல் இல்லை, உடைந்த இடம் மங்கலாகச் சிலாம்பு போல இருக்கும்.

ஜேடைட்டுக்கும் நெஃப்ரைட்டுக்கும் முறையே ஒளிவிலகல் 1.66, 1.61. ஒப்படர்த்தி 3.34, 2.95. நூறு கிராம் கட்டியானால் சமையலறைத் தராசும் ஒரு பாத்திரத் தண்ணீரும் போதும், கட்டியை நூலில் கட்டி அடியைத் தொடாமல் தொங்கவிட வேண்டும். மேலே மண்தோல் உள்ள கட்டியில் மட்டும் ஏமாறாதீர்கள். தோல் நுண்துளை உள்ளது, ஒப்படர்த்தி குறைவாக விழும்.

செர்பென்டைனைப் புதிய ஜேட் என்று தள்ளுகிறவர்கள் உண்டு. அது தாள் அமைப்பு, ஒப்படர்த்தி 2.6 அருகே நிற்கும், பெரும்பாலான துண்டுகளைக் கத்திமுனை கீறும். தீட்டாத கல்லில் கீறிப் பார்ப்பதானால் மறைவான விளிம்பில் கீறி, ஈர விரலால் தேய்த்து, லென்ஸில் பாருங்கள். தேய்த்ததும் கோடு அழிந்தால் அது கல்லில் விழுந்த கீறல் அல்ல, கத்தியின் இரும்பு ஒட்டியது. கல் கத்தியைவிடக் கடினம் என்று பொருள்.

மாவ்-சிட்-சிட் என்ற பச்சைக் கல் வந்தால் ஒரே எண்ணை எதிர்பார்க்காதீர்கள். அது கனிமமல்ல, கோஸ்மோக்ளோரும் ஆல்பைட்டும் வேறு சிலவும் கலந்த பாறை. ரிஃப்ராக்டோமீட்டரில் எந்த மணி தொடுகிறதோ அதன் எண்தான் வரும். மூன்று நாலு இடத்தில் படித்து, எண்கள் ஒன்றுக்கொன்று தள்ளி நின்றால் அதையே சான்றாக எழுதிக்கொள்ளுங்கள்.