குடும்பத்தோட வில்வித்தை கத்துக்கணும், எதுல இருந்து ஆரம்பிக்கிறது?

கோத்தகிரி அப்பா:
வணக்கம்ங்க, நாங்க கோத்தகிரி பக்கம். பையனுக்கு 12, பாப்பாவுக்கு 9. 2024 பாரிஸ் பாராலிம்பிக்ல ஷீத்தல் தேவி கால்ல வில்லைப் பிடிச்சு அம்பு விட்டதைப் பாத்ததுல இருந்து பாப்பா வில்லு வேணும்னு ஒரே பிடிவாதம், இப்ப பையனும் சேந்துக்கிட்டான், நாலு பேரும் ஒண்ணா செய்யற மாதிரி எங்க வீட்ல எதுவுமே இல்ல அதனால எனக்கும் ரொம்ப ஆசையா இருக்கு. வீட்டுக்குப் பின்னாடி 20 மீட்டர் இடம் இருக்கு, அதைத் தாண்டினா தேயிலை. எல்லாருக்கும் ஒரே வில்லு போதுமா?

குன்னூர் வில்லு:
போதாதுங்க. வில்லுக்கு நீளத்தை விட முக்கியம் எத்தனை பவுண்டு, அதாவது நாணை இழுக்க எவ்வளவு பலம் வேணுங்கறதுதான். பாப்பாவுக்கு 10, பையனுக்கு 14, உங்களுக்கும் வீட்டம்மாவுக்கும் 18லிருந்து 22க்குள்ள ஒண்ணை மாத்தி மாத்தி வெச்சுக்கலாம், ரீகர்வ்ல (நுனி ரெண்டும் முன்பக்கமா வளைஞ்ச வில்லு) கழட்டி மாட்டற மாதிரி வாங்கினா பின்னாடி லிம்பை (கைப்பிடிக்கு மேலயும் கீழயும் வளையற பட்டை) மட்டும் மாத்திக்கலாம். நான் காசு மிச்சம் பண்றேன்னு 28 பவுண்டு வாங்கி 11 வயசுப் பொண்ணு கையில குடுத்தேன், பாவம் முதுகை வளைச்சு தோளைத் தூக்கி இழுத்தா, நாண் வந்து முன்னங்கைல சுளீர்னு அடிச்சு கத்திரிக்கா கலர்ல வீங்கிடுச்சு, ரெண்டு மாசம் வில்லு பக்கமே வரல. முன்னங்கைல கட்டற ஆர்ம் கார்டும், நாண் இழுக்கற விரலுக்கு டேபுங்கற தோல் துண்டும் வில்லோடயே வாங்கிடுங்க. அம்பு வைக்காம நாணை இழுத்து விடவே கூடாது, அந்த வேகம் மொத்தமும் வில்லுக்கே திரும்பி லிம்பு விரிசல் விட்டுடும்.

மலைக்காத்து:
அண்ணா தேயிலை பக்கம் பாத்து மட்டும் டார்கெட் வைக்காதீங்க. இலை பறிக்கறவங்க குனிஞ்சா செடிக்கு மேல தலையே தெரியாது. மேட்டை வெட்டின மண்சுவரு இருந்தா அதுக்கு முன்னாடி வைங்க, சாக்குல பழைய துணியை இறுக்கி அடைச்சா இந்த பவுண்டுக்குத் தாங்கும். முதல்ல 5 மீட்டர்ல இருந்து விடுங்க, 18 மீட்டர் இன்டோர் போட்டி தூரம், அதுக்கு அவசரமே இல்ல. விசில் ஒண்ணு வாங்குங்க. ரெண்டு ஊதினா கோட்டுக்கு வரணும், ஒண்ணுக்கு விடலாம், மூணுக்குத்தான் அம்பு எடுக்கப் போகணும், போட்டிலயும் இதேதான். குழந்தைங்க அம்பு விட்ட கையோட எடுக்க ஓடுவாங்க, அதுதான் எனக்குப் பயம்.

கொடைக்கானல் அக்கா:
மூடுபனி இறங்கிட்டா அன்னைக்கு நிறுத்திடுங்க தம்பி, டார்கெட் தெரிஞ்சாலும் அதுக்குப் பின்னாடி யாரு வராங்கன்னு தெரியாது. காட்டெருமை வர்ற இடம்னா காலைல ஒரு தடவை சுத்திப் பாத்துட்டு ஆரம்பிங்க. நம்ம ஊரு ஈரத்துக்கு தோல் டேப் பூசணம் பிடிச்சிடும், துடைச்சு காயவெச்சு வைங்க, நாணுக்கு மெழுகு தேய்க்கணும்.

கோத்தகிரி அப்பா:
ரொம்ப நன்றிங்க. மண்சுவரு வலது பக்கம் இருக்கு, அங்கயே வைக்கறேன். இன்னொண்ணு, ரெண்டு கையையும் நீட்டி விரல் நடுவுல ஓட்டை வெச்சு தூரத்துல ஒரு மரத்தைப் பாத்து ஒவ்வொரு கண்ணா மூடற டெஸ்ட் பண்ணினோம். பாப்பா எழுதறது வலது கை, ஆனா குறி பாக்கற கண்ணு இடதுன்னு வருது. என்ன பண்றது?

குன்னூர் வில்லு:
நாளைக்கும் ஒரு தடவை பாருங்க. அப்பவும் இடதுன்னா இடது கைக்காரங்க வில்லே வாங்குங்க, வலது கைல பிடிச்சு இடது கைல இழுப்பா. இப்பதானே புதுசா ஆரம்பிக்கறா, போகப் போகப் பழகிடும்.