புதுப்பிப்பு: அதே பெயரில் படத்தை மாற்றும் விஷயம்

படங்களைச் சேமித்து இணையத்தில் தரும் சேவையான கிளவுடினரியில் ஒரு பொருளின் படத்தை அதே பப்ளிக் ஐடியில் (படத்தின் அடையாளப் பெயர்) மாற்றி ஏற்றினால், ஆப்பில் உடனே புதுப் படம் தெரிய என்ன வழி என்று முன்பு கேட்டிருந்தேன். பதில்களில் வந்த இரண்டு வழிகளையும் பார்த்துவிட்டேன்.

ஒன்று, அப்லோடு செய்யும்போது இன்வேலிடேட் (பழைய நகல்களைச் செல்லாததாக்கும் அமைப்பு) என்பதை ட்ரூ என்று கொடுப்பது. கொடுக்காவிட்டால் அது ஃபால்ஸ்தான். சிடிஎன் சர்வர்களில் (படத்தை வேகமாகத் தரப் பல இடங்களில் வைத்திருக்கும் சர்வர்கள்) கிடக்கும் பழைய நகல்கள் போய்விடும், ஆனால் எல்லா இடத்துக்கும் பரவச் சில நிமிடங்கள் வரை ஆகலாம். பயனரின் பிரவுசரில் இருக்கும் நகலை அது தொடாது.

அதனால் நான் எடுத்தது இரண்டாவதான வெர்ஷன் வழி. அப்லோடு முடிந்ததும் கிளவுடினரி அனுப்பும் பதிலிலேயே வெர்ஷன் எண் இருக்கும். அதை பப்ளிக் ஐடியோடு டேட்டாபேஸில் வைத்துக்கொண்டு, முகவரியில் ‘வி’க்குப் பின்னால் போட்டால் சரி. முகவரியே புதிது என்பதால் எந்த கேச்சும் (சேமித்து வைத்த பழைய நகலும்) குறுக்கே வராது. அப்புறம், ஃபோல்டருக்குள் இருக்கும் படத்துக்கு வெர்ஷன் தராவிட்டால் எஸ்டிகே (ஆப்பில் சேர்க்கும் கிளவுடினரியின் நிரல் தொகுப்பு) தானாகவே ‘வி1’ என்று போடும். அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், வெறும் இடம் நிரப்பி அது.

வெர்ஷன் இல்லாத பழைய முகவரி வெளியே பகிரப்பட்டிருக்கும் படங்களுக்கு மட்டும் இன்வேலிடேட்டையும் சேர்த்தே அனுப்புகிறேன்.